மாறாத பாதையும் மாறும் மோதலும்: தன்மைநோக்குச் சுடுவிளையாட்டுகளில் நேர்கோட்டுத்தன்மை, முன்கணிக்க இயலாமை, மறுவிளையாட்டு மதிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு காணொளி விளையாட்டை ஆடி முடித்தவர் அதனை மீண்டும் ஆட விரும்புவதற்கு அதன் முன்கணிக்க இயலாமையே காரணம் என்றும், நேர்கோட்டுப் பாதையில் அமைந்த விளையாட்டு ஒருமுறை ஆடியதும் தீர்ந்துவிடும் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்தைத் தன்மைநோக்குச் சுடுவிளையாட்டுகள் ஆறினை முன்வைத்து இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. டூம், ஹேலோ, ஃபியர், லெஃப்ட் ஃபோர் டெட், மாடர்ன் வார்ஃபேர், ஃபார் கிரை 2 ஆகியவற்றின் அமைப்பை ஒப்பிடும்போது, பாதை மாறாமலிருப்பதும் மோதல் மாறுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பது புலனாகிறது. மாறாத பகுதியே மாறும் பகுதிக்கு அளவுகோலாக நிற்கிறது. மாற்றம் படிக்கத்தக்கதாகவும், ஆட்டக்காரரின் செயலோடு காரணத் தொடர்பு உடையதாகவும், பின்விளைவை விட்டுச்செல்வதாகவும் இருக்கும்போதுதான் மறுவிளையாட்டு மதிப்பு பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: காணொளி விளையாட்டு, தன்மைநோக்குச் சுடுவிளையாட்டு, நேர்கோட்டுத்தன்மை, முன்கணிக்க இயலாமை, மறுவிளையாட்டு மதிப்பு, செயற்கை நுண்ணறிவு.

1. முன்னுரை

ஆட்டக்காரர் விளையாட்டு மாந்தரின் கண்வழியே உலகைக் கண்டு, கையில் ஆயுதமேந்தி முன்னேறும் விளையாட்டு வகை 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' எனப்படுகிறது. இக்கட்டுரையில் அது தன்மைநோக்குச் சுடுவிளையாட்டு எனச் சுட்டப்படுகிறது. தமிழிலக்கணத்தில் பேசுபவரைக் குறிக்கும் 'தன்மை' இடம் இங்குக் காண்பவரைக் குறிக்கிறது. திரையின் அடியில் தெரியும் கைகளும் துப்பாக்கியும் மட்டுமே அம்மாந்தரின் உடல். எஞ்சியவை அனைத்தும் அவர் காணும் உலகு. முதுகுக்குப் பின்னால் நிகழ்வது அவருக்குத் தெரியாது. அடுத்த திருப்பத்திற்கு அப்பால் இருப்பதும் தெரியாது. இவ்வகையில் அறியாமை என்பது கதையின் உத்தி மட்டுமன்று, பார்வையின் அமைப்பிலேயே உள்ள கூறு.

இதனாலேயே நேர்கோட்டுத்தன்மை என்னும் குற்றச்சாட்டு பிற வகைகளைவிட இவ்வகையின்மீது கூடுதல் வன்மையோடு சுமத்தப்படுகிறது. ஒரு நடைவழியின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒரே திசையில் செலுத்தப்படும் ஆட்டக்காரர், அடுத்த முறை ஆடும்போது ஒவ்வொரு திருப்பத்தையும் முன்னரே அறிந்திருப்பார். அறிந்தபின் ஆட என்ன இருக்கிறது என்பதே விமரிசகர் எழுப்பும் வினா. இதற்கு மறுமொழியாக வடிவமைப்பாளர்கள் இரண்டு வழிகளை நாடினர். ஒன்று, பாதையை அகலத் திறந்துவிடுவது. மற்றொன்று, எதிரிகளின் வருகையையும் நடத்தையையும் ஒவ்வொரு முறையும் மாற்றுவது. இரண்டுமே முன்கணிக்க இயலாமையைக் கூட்டினால் மறுவிளையாட்டு மதிப்பும் கூடும் என்னும் எடுகோளின்மேல் நிற்பவை. இவ்வெடுகோள் எந்த அளவு பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வடிவமைப்புத் தொழில்நுட்பம் சார்ந்த சிக்கல் மட்டுமன்று, மதிப்பீட்டுச் சிக்கலுமாகும். இலக்கியத் திறனாய்வு மறுவாசிப்புக்கு உரிய பனுவலை உயர்வாக மதிக்கிறது. ஆனால் மறுவாசிப்பில் பனுவலின் சொற்கள் மாறுவதில்லை. விளையாட்டை மதிப்பிடும்போது மட்டும் மாறுவதையே மதிப்பின் அடையாளமாகக் கொள்வது ஏன் என்னும் வினா விடைகாணப்பட வேண்டியதாகும்.

2. கோட்பாட்டுப் பின்புலம்

விளையாட்டுகளை வகைப்படுத்திய ரோஜே கய்யுவா 1958இல் வெளியிட்ட தம் நூலில் போட்டி, தற்செயல், போலச்செய்தல், தலைச்சுற்றல் என நான்கு இயல்புகளைச் சுட்டினார். இவற்றுள் முதலிரண்டும் இங்குத் தொடர்புடையவை. பல்லாங்குழியில் முத்துகள் எங்கு விழும் என்பதைக் குழிகளின் நிலையும் ஆடுபவரின் தேர்வும் மட்டுமே முடிவு செய்கின்றன. தற்செயலுக்கு அங்கு இடமில்லை. தாயத்தில் கட்டை உருண்டு நின்ற பின்னரே ஆட்டம் நகர்கிறது. எனினும் பல்லாங்குழி ஒருமுறை ஆடியதும் சலித்துவிடுவதில்லை. தற்செயல் இல்லாத ஆட்டமும் மீண்டும் மீண்டும் ஆடப்படுகிறது என்னும் இவ்வெளிய உண்மையே மேற்கண்ட எடுகோளை ஐயுற வைக்கிறது.

கிரெக் காஸ்டிக்யான் 2013இல் வெளியிட்ட விளையாட்டுகளில் நிச்சயமின்மை பற்றிய நூல் இவ்வையத்தை விரிவாக்குகிறது. நிச்சயமின்மை விளையாட்டுக்கு இன்றியமையாதது என்று கொள்ளும் அவர், அதன் ஊற்றுகள் பல எனக் காட்டுகிறார். பகடையின் தற்செயல் அவற்றுள் ஒன்று மட்டுமே. ஆடுபவரின் உடல்திறன், எதிராளியின் மனம், மறைக்கப்பட்ட செய்தி, எண்ணிப் பார்த்து முடியாத சிக்கல் ஆகியவையும் நிச்சயமின்மையைத் தோற்றுவிக்கின்றன.

யெஸ்பர் யூல் 2005இல் வெளியிட்ட 'ஹாஃப்-ரியல்' நூலில் காணொளி விளையாட்டுகளை இருவகை அமைப்பாகப் பகுத்தார். சில விதிகள் இணைந்து எண்ணற்ற நிலைமைகளைத் தோற்றுவிப்பது எழுச்சி அமைப்பு. வடிவமைப்பாளர் வகுத்த வரிசையில் சிக்கல்களைக் கடந்து செல்வது முன்னேற்ற அமைப்பு. இவற்றைப் பிரித்தறிய அவர் ஓர் எளிய சோதனையும் தந்தார்: ஒரு விளையாட்டுக்கான வழிகாட்டி, படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்று கூறினால் அது முன்னேற்ற அமைப்பு, பொதுவான உத்திகளைக் கூறினால் அது எழுச்சி அமைப்பு. பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டும் கலந்துள்ளன என்பதை யூலும் ஏற்கிறார். அக்கலப்பில் ஒன்று மற்றொன்றுக்கு என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா.

ஆய்வின் தெளிவுக்காகத் தன்மைநோக்குச் சுடுவிளையாட்டை இங்கு இரண்டு அடுக்குகளாகப் பிரித்துக் காணலாம். எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்குச் செல்ல வேண்டும், எந்த நிகழ்வுக்குப் பின் எது நிகழும் என்பது பாதை அடுக்கு. ஓரிடத்தில் எதிரிகளைச் சந்தித்தது முதல் அவ்விடம் அமைதியடைவது வரையிலான சில நொடிகள் அல்லது நிமிடங்கள் மோதல் அடுக்கு. நேர்கோட்டுத்தன்மை முதல் அடுக்கின் பண்பு. முன்கணிக்க இயலாமை இரண்டாம் அடுக்கில் தனித்து இயங்கக்கூடியது.

3. டூம்: தற்செயல் போன்ற ஒழுங்கு

இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட டூம், இவ்வகையைப் பரவலாக்கிய விளையாட்டுகளுள் முதன்மையானது. இதன் வரைபடங்கள் நிலையானவை. தேர்ந்தெடுக்கும் கடினநிலைக்கு ஏற்ப எதிரிகளின் எண்ணிக்கையும் இடமும் மாறும். ஒரே கடினநிலையில் அவை மாறுவதில்லை. கதவும் சாவியும் வைக்கப்பட்ட இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வீழ்த்திய எதிரிகள், எடுத்த பொருள்கள், கண்டுபிடித்த மறைவிடங்கள் ஆகியவற்றின் விழுக்காடும், எடுத்துக்கொண்ட நேரமும், வடிவமைப்பாளர் குறித்த இலக்கு நேரமும் திரையில் காட்டப்படும். முதற்கட்டத்தின் இலக்கு நேரம் 30 நொடிகள். முதன்முறை ஆடுபவர் பல நிமிடங்கள் தடுமாறும் இடத்தை அரை நிமிடத்தில் கடக்கலாம் என்னும் அறிவிப்பு மறுவிளையாட்டுக்கான நேரடி அழைப்பாகும். பாதை மாறாதது என்பதாலேயே அவ்வழைப்புக்குப் பொருள் உண்டு.

டூமில் தற்செயலும் இருக்கிறது. கைத்துப்பாக்கியின் ஒரு குண்டு 5, 10, 15 என்னும் அளவுகளுள் ஒன்றில் சேதம் விளைவிக்கும். 20 உயிர்ப்புள்ளிகள் கொண்ட சாதாரணப் படைவீரன் இரண்டு குண்டுகளில் வீழலாம். நான்கு குண்டுகளும் தேவைப்படலாம். ஆனால் இத்தற்செயலின் ஊற்று, நிரலில் எழுதி வைக்கப்பட்ட 256 எண்கள் கொண்ட நிலையான பட்டியல் என்பதை 1997இல் வெளியிடப்பட்ட மூலநிரல் காட்டியது. ஒவ்வொரு முறை தற்செயல் தேவைப்படும்போதும் நிரல் அப்பட்டியலின் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே உள்ளீடுகளை ஒரே கணங்களில் தந்தால் ஒரே ஆட்டம் மீண்டும் நிகழும். டூமின் ஆட்டப் பதிவுகள் படங்களைச் சேமிப்பதில்லை. நொடிக்கு 35 முறை ஆட்டக்காரரின் உள்ளீட்டை மட்டுமே சேமிக்கின்றன. மீள்காட்சியின்போது விளையாட்டு அவ்வுள்ளீடுகளைக் கொண்டு தன்னைத்தானே மறுபடி ஆடிக்கொள்கிறது.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. பொறியின் நோக்கில் டூம் முற்றிலும் முன்கணிக்கத்தக்கது. மனிதரின் நோக்கில் இரண்டு ஆட்டங்கள் ஒருபோதும் ஒன்றாக அமைவதில்லை. விசையை அழுத்துவதில் ஏற்படும் மிகச்சிறு வேறுபாடு பட்டியலின் வரிசையை நகர்த்திவிடும். ஓர் எதிரி சுடும் கணமும் மற்றோர் எதிரி திரும்பும் திசையும் மாறிவிடும். இதனால் முன்கணிக்க இயலாமை என்பது விளையாட்டுக்குள் இருக்கும் பொருளன்று எனலாம். அது விதிகளின் ஒழுங்குக்கும் ஆட்டக்காரரின் உடல், கவனம் ஆகியவற்றின் எல்லைக்கும் இடையே உள்ள உறவு. இவ்வுறவைப் பயிற்சியால் நெருக்க முயன்றோரே விரைவாட்டக்காரர்கள். அதே நிறுவனத்தின் குவேக் விளையாட்டை 20 நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் கடந்த ஆட்டப் பதிவு 1997இல் வெளிவந்தது. மாறாத வரைபடம் அவர்களுக்குத் தீர்ந்துபோன பொருளாகத் தோன்றவில்லை. பயிலத்தக்க பாடமாகத் தோன்றியது.

4. ஹேலோ: ஒரே பாதையில் இரு அனுபவங்கள்

பங்கி நிறுவனத்தின் ஹேலோ: காம்பாட் இவால்வ்ட் 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கருவிக்காக வெளிவந்தது. பத்துக் கட்டங்களும் ஒரே வரிசையில் தொடரும். கதையில் கிளைகள் இல்லை. எனினும் மீண்டும் மீண்டும் ஆடப்பட்ட ஒற்றையாள் விளையாட்டுகளுள் இது குறிப்பிடத்தக்கது. இதன் காரணத்தை விளையாட்டின் உள்ளேயே ஒப்பிட்டுக் காணலாம்.

நான்காம் கட்டமான 'சைலண்ட் கார்ட்டோகிராஃபர்' ஒரு தீவில் நிகழ்கிறது. கடற்கரையில் இறங்கி, நிலத்தடி வரைபட அறையை அடைய வேண்டும். வழியில் கதவு அடைபடும். வேறிடத்திலுள்ள பாதுகாப்புப் பூட்டை நீக்கித் திரும்ப வேண்டும். பணிகளின் வரிசை நிலையானது. ஆனால் கரையோரமாக எந்தத் திசையில் செல்வது, ஊர்தியில் பாய்வதா, மேட்டிலிருந்து தொலைவில் சுடுவதா என்பன ஆட்டக்காரரிடம் விடப்பட்டுள்ளன. அதனினும் முதன்மையானது எதிரிகளின் நடத்தை. உயர்நிலை வீரனான எலைட் வீழ்ந்ததும் அவனுக்குக் கீழுள்ள கிரண்டுகள் சிதறி ஓடுகின்றன. எறிகுண்டு விழுந்தால் எலைட் பாய்ந்து விலகுகிறான். தன் காப்புக்கவசம் குறைந்தால் மறைவிடம் தேடுகிறான். ஆட்டக்காரர் இரண்டு ஆயுதங்களை மட்டுமே ஏந்த இயலும் என்பதால் ஒரு மோதலில் எதை எடுத்தார், எதைக் கைவிட்டார் என்பது அடுத்த மோதலின் தொடக்க நிலையாகிறது.

வடிவமைப்பாளர் ஜேமி கிரீஸ்மர் இவ்விளையாட்டின் மையத்தை முப்பது நொடி இன்பத்தின் மறுநிகழ்வாக விளக்கியது பரவலாக அறியப்பட்டதாகும். அதே முப்பது நொடியைத் திரும்பத் தருவது தம் கருத்தன்று, வேறுவேறு இடங்களிலும் எதிரிகளிடத்தும் ஆயுதங்களோடும் அது நிகழ வேண்டும் என்பதே தம் கருத்து என்று அவரே பின்னர்த் தெளிவுபடுத்தினார். மோதல் அடுக்கில் மாற்றம் பிறக்க வேண்டும் என்னும் இக்கருத்து நான்காம் கட்டத்தில் முழுமையாக நிறைவேறுகிறது.

ஏழாம் கட்டமான 'லைப்ரரி' இதற்கு மாறானது. ஒரே தோற்றமுடைய கூடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. எதிரிகளான ஃபிளட் உயிரிகள் கூட்டம் கூட்டமாகப் பாய்கின்றன. எந்தத் துளையிலிருந்து எத்தனை உயிரிகள் எப்போது வரும் என்று சொல்ல இயலாத நிலையில், கணத்துக்குக் கணம் நோக்கினால் நான்காம் கட்டத்தைவிட இங்கு முன்கணிக்க இயலாமை மிகுதி எனலாம். எனினும் அலுப்பூட்டும் கட்டம் என்று பெரிதும் குறைகூறப்பட்டது இதுவே. ஃபிளட் உயிரிகளுக்கு அச்சமில்லை; பின்வாங்கல் இல்லை; ஒன்றின் வீழ்ச்சி மற்றொன்றின் நடத்தையை மாற்றுவதில்லை. கிரண்டுகள் ஓடும்போது ஆட்டக்காரருக்குக் காரணம் தெரிகிறது: தாம் எலைட்டை முதலில் வீழ்த்தியதே அது. அடுத்த முறை வேறுவகையில் முயலலாம் என்னும் எண்ணமும் அங்கேயே பிறக்கிறது. ஃபிளட் கூட்டத்தில் அத்தகைய காரணத் தொடர்பு மிக மெலிந்துள்ளது. எனவே மறுவிளையாட்டு மதிப்பின் முதல் நிபந்தனை, மாற்றத்திற்கும் ஆட்டக்காரரின் செயலுக்கும் இடையே காரணத் தொடர்பு இருத்தலாகும்.

5. ஃபியர்: எதிரியின் குரல்

காரணத் தொடர்பு இருந்தால் மட்டும் போதாது. அது ஆட்டக்காரருக்குப் புலப்படவும் வேண்டும். இதற்குச் சான்றாக மோனோலித் நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஃபியர் அமைகிறது. அலுவலகங்கள், கிடங்குகள், நடைவழிகள் என இதன் பாதை குறுகிய நேர்கோடு. எனினும் எதிரிகளின் நுண்ணறிவுக்காக இன்றளவும் எடுத்துக்காட்டப்படுவது இது. அந்நுண்ணறிவை உருவாக்கிய ஜெஃப் ஆர்கின் 2006இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் வழங்கிய கட்டுரையில் அதன் இயக்கத்தை விளக்கினார்.

ஒவ்வோர் எதிரிக்கும் இலக்குகளும் செயல்களும் தரப்பட்டுள்ளன. இலக்கை அடைய எச்செயல்களை எவ்வரிசையில் செய்வது என்பதை எதிரியே ஆட்டத்தின்போது திட்டமிடுகிறது. கதவு அடைபட்டிருந்தால் சன்னல் வழியே வருவதும், மேசையைக் கவிழ்த்து மறைவிடமாக்குவதும் இவ்வாறு நிகழ்பவை. எதிரிகள் கூடி ஆட்டக்காரரைச் சுற்றிவளைப்பதாகத் தோன்றும் காட்சிக்குப் பின்னால் சிக்கலான குழு உத்தி எதுவும் எழுதப்படவில்லை என்று ஆர்கின் கூறுகிறார். எளிய குழுக் கட்டளைகளும் தனித்தனி எதிரிகளின் முடிவுகளும் இணையும்போது அத்தோற்றம் எழுகிறது.

இங்குக் கவனத்திற்குரியது எதிரிகளின் பேச்சு. தாம் காண்பதையும் செய்யப்போவதையும் அவர்கள் உரக்கக் கூறிக்கொள்கின்றனர். குழுவில் எஞ்சிய கடைசி வீரன் துணைப்படை வேண்டும் என்று கத்துகிறான். துணைப்படையை வரவழைக்கும் ஏற்பாடு எதுவும் நிரலில் இல்லை. சற்று முன்னேறியதும் வழக்கம்போல் வைக்கப்பட்ட எதிரிகளை ஆட்டக்காரர் சந்திக்கிறார். அவர்களே அழைக்கப்பட்ட துணைப்படை என்று கருதிக்கொள்கிறார். நேர்கோட்டுப் பாதையின் அடுத்த பகுதி, முந்தைய மோதலின் விளைவாகத் தோற்றம் கொள்கிறது.

போர்க்கள நோக்கில் தன் திட்டத்தை உரக்கக் கூறும் எதிரி அறிவற்றவன். விளையாட்டு நோக்கில் அவனே அறிவுள்ளவனாகத் தோன்றுகிறான். எதிரி திட்டமிட்டுச் சன்னல் வழியே வந்தாலும், அதனை ஆட்டக்காரர் உணராவிட்டால் அது வெறும் தற்செயலாகவே படும். இதிலிருந்து இரண்டாம் நிபந்தனை பெறப்படுகிறது: மாற்றம் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். குறுகிய நடைவழி இதற்குத் துணை செய்கிறது. வழிகள் சிலவே என்பதால் எதிரி எவ்வழியைத் தேர்ந்தான் என்பது தெளிவாகத் தெரிகிறது. பரந்த வெளியில் இத்தெளிவைப் பெறுவது அரிது.

6. லெஃப்ட் ஃபோர் டெட்: பாதையே அளவுகோல்

முன்கணிக்க இயலாமையை மறுவிளையாட்டுக்காகவே திட்டமிட்டு அமைத்த விளையாட்டு, வால்வ் நிறுவனம் 2008 நவம்பரில் வெளியிட்ட லெஃப்ட் ஃபோர் டெட். நால்வர் சேர்ந்து ஆடும் இதில் முதலில் நான்கு தொடர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஐந்து பகுதிகள் கொண்டது. 'நோ மெர்சி' என்னும் தொடரில் அடுக்குமாடிக் கட்டடம், சுரங்க ரயில் நிலையம், கழிவுநீர்ப் பாதை, மருத்துவமனை, அதன் மொட்டை மாடி என்னும் வரிசை மாறுவதில்லை. ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த பாதுகாப்பு அறைக்குச் செல்வதே ஆட்டம்.

மாறுவது எதிரிகளின் வருகையும் பொருள்களின் இடமும். இவற்றை 'டைரக்டர்' எனப்படும் நிரல் கட்டுப்படுத்துகிறது. மைக்கேல் பூத் 2009இல் அளித்த விளக்கத்தின்படி, ஒவ்வோர் ஆட்டக்காரரின் உணர்ச்சிச் செறிவையும் இந்நிரல் மதிப்பிடுகிறது. காயம்படுதல், செயலிழந்து விழுதல், அருகில் எதிரியை வீழ்த்துதல் ஆகியவை அம்மதிப்பை உயர்த்தும். மதிப்பு உச்சத்தை அடையும்வரை எதிரிகள் பெருகுவர். உச்சம் சிறிது நேரம் நீடிக்கும். பின்னர் எதிரிகள் குறைந்து இளைப்பாறல் அளிக்கப்படும். மீண்டும் ஏற்றம் தொடங்கும். எனவே இங்கு நிகழ்வது தற்செயல் அன்று; வடிவம் கொடுக்கப்பட்ட நிச்சயமின்மை. எப்போது என்பதும் எங்கே என்பதும் தெரியாது. ஏற்றமும் இறக்கமும் உண்டு என்பது தெரியும்.

டைரக்டர் இயங்குவதற்கு நேர்கோட்டுப் பாதை தேவைப்படுகிறது என்பது பெரும்பாலும் கவனிக்கப்படாத செய்தி. தொடக்க அறையிலிருந்து இறுதி அறைவரை செல்லும் வழியில் ஆட்டக்காரர்கள் எவ்வளவு தொலைவு வந்துள்ளனர் என்பதை நிரல் தொடர்ந்து அளக்கிறது. அவ்வளவின்மூலமே அவர்களுக்கு முன்னால் எது, பின்னால் எது என்பதை அறிகிறது. எதிரிகளை எங்குத் தோற்றுவிப்பது எனத் தீர்மானிக்கிறது. முன், பின் என்னும் வேறுபாடு இல்லாத வெளியில் பின்னாலிருந்து வரும் தாக்குதல் என்பதற்கே பொருளில்லை.

ஆட்டக்காரருக்கும் இது பொருந்தும். மருத்துவமனையின் படிக்கட்டைப் பத்துமுறை ஏறியவருக்கே பதினோராம் முறை அங்கு நிலவும் அமைதி அச்சுறுத்துவதாகப் படும். முதன்முறை ஏறுபவருக்கு அது வெறும் படிக்கட்டு. மாறாத பாதையை அறிந்தவர்தாம் மாற்றத்தை மாற்றமாக உணர இயலும். ஆகவே இங்குப் பாதையின் நேர்கோட்டுத்தன்மை மறுவிளையாட்டு மதிப்பைக் குறைக்கவில்லை. அதற்கு அடித்தளமாக அமைந்துள்ளது.

7. பின்விளைவின்மை: இரு சான்றுகள்

மேற்கண்ட இரு நிபந்தனைகளோடு மூன்றாவது ஒன்றும் தேவை என்பதை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்ட இரு விளையாட்டுகள் காட்டுகின்றன.

இன்ஃபினிட்டி வார்ட் நிறுவனத்தின் கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர் 2007 நவம்பரில் வெளிவந்தது. இறுக்கமான நேர்கோட்டு அமைப்புக்குப் பெயர்பெற்ற இவ்விளையாட்டின் சில பகுதிகளில், ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைக் கடக்கும்வரை எதிரிகள் ஓயாமல் வந்துகொண்டே இருப்பர். எத்தனை பேரை வீழ்த்தினாலும் எதிரிகளின் எண்ணிக்கை குறைவதில்லை. எதிரி எந்த மறைவிலிருந்து தலைகாட்டுவான் என்பதில் நிச்சயமின்மை உண்டு. ஆனால் ஆட்டக்காரரின் திறன் எதையும் மாற்றுவதில்லை. கோட்டைக் கடத்தல் என்னும் ஒரே செயலே களத்தை மாற்றுகிறது. இதனை அறிந்துகொண்டவருக்கு அடுத்த ஆட்டத்தில் அம்மோதல் தன் பொருளை இழந்துவிடுகிறது.

யூபிசாஃப்ட் மாண்ட்ரியல் 2008இல் வெளியிட்ட ஃபார் கிரை 2 எதிர்த்திசையில் நிற்பது. பெயர் சுட்டப்படாத ஓர் ஆப்பிரிக்க நாட்டின் பரந்த வெளியில் ஆட்டக்காரர் விரும்பிய வழியில் செல்லலாம். காய்ந்த புல்லில் தீ பரவும். பழைய துப்பாக்கி சுடும் நேரத்தில் சிக்கிக்கொள்ளும். மலேரியா காய்ச்சல் இடையில் வந்து தாக்கும். தீ திசைமாறித் தம் வழியையே மறிக்கும்போது ஆட்டக்காரர் புதிய திட்டம் வகுக்க நேர்கிறது. மோதல் அடுக்கில் இது அரிய சாதனை. ஆனால் சாலையோரக் காவல்நிலையைப் போராடி வென்று சற்றுத் தொலைவு சென்று திரும்பினால், அங்கு மீண்டும் எதிரிகள் நிறைந்திருப்பர். வெளி திறந்திருக்கிறது, அது எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ஒன்று குறுகிய கோடு. மற்றொன்று பரந்த வெளி. இரண்டிலும் சலிப்பின் காரணம் ஒன்றே: மோதலின் முடிவு எச்சம் எதையும் விட்டுச்செல்வதில்லை. எனவே பின்விளைவு என்பது மூன்றாம் நிபந்தனையாகிறது. நேர்கோட்டுப் பாதையைத் திறந்த வெளியாக மாற்றுவதனால் மட்டும் மறுவிளையாட்டு மதிப்பு கூடிவிடாது என்பதற்கும் ஃபார் கிரை 2 சான்றாகிறது.

8. மறுப்புச் சான்று: அறிந்தபின் ஆடுதல்

இதுவரை நிறுவப்பட்ட மூன்று நிபந்தனைகளுக்கும் அடங்காத ஒரு சான்றையும் கருத வேண்டும். அதுவும் மாடர்ன் வார்ஃபேரிலேயே உள்ளது. அமெரிக்கப் படைவீரன் ஜாக்சனாக ஆட்டக்காரர் ஆடும் பகுதியில், வீழ்ந்த உலங்கூர்தி ஒன்றின் விமானியை மீட்டு வரும் வேளையில் அணுகுண்டு வெடிக்கிறது. அடுத்த கட்டத்தில் ஆட்டக்காரர் சிதைந்த ஊர்தியிலிருந்து வெளியேறித் தள்ளாடுகிறார். எத்திசையில் சென்றாலும் ஜாக்சன் இறக்கிறான். சுடுவதற்கு எவருமில்லை, தப்புவதற்கு வழியுமில்லை. மாற்றம் இல்லை, ஆட்டக்காரரின் செயலுக்கு விளைவும் இல்லை.

முதன்முறை இது அதிர்ச்சி. இரண்டாம் முறை ஆடுபவர் அணுகுண்டு வெடிக்கும் என்பதை அறிந்தே விமானியைத் தூக்கிச் செல்கிறார். முதன்முறை வீரச்செயலாகப் பட்ட மீட்பு, இரண்டாம் முறை பயனற்றது என்று அறிந்தும் செய்யவேண்டிய கடமையாக மாறுகிறது. நிறுத்தவும் இயலாது, மாற்றவும் இயலாது. எதிரிகளை வீழ்த்தும் திறனே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று கற்பிக்கும் ஒரு விளையாட்டு வகைக்குள், அத்திறன் எதற்கும் உதவாத ஓர் இடத்தை இக்கட்டம் வைத்திருக்கிறது. விளையாட்டின் பிற பகுதிகள் போரை வேட்கைக்குரிய காட்சியாகவே சித்திரிக்கின்றன என்னும் விமரிசனத்தை இது நீக்கிவிடாது. எனினும் இப்பகுதியின் பொருள் முழுமையாக வெளிப்படுவது, வரவிருப்பதை அறிந்து ஆடுபவருக்கே.

இது மறுவாசிப்பை ஒத்தது. முடிவறிந்த அவல நாடகத்தை மீண்டும் காண்பவர் புதுமையைத் தேடிச் செல்வதில்லை. எனவே மறுவிளையாட்டு மதிப்பு இருவகைப்படும் எனக் கொள்ளுதல் வேண்டும். மோதலின் மாற்றத்தால் விளைவது செயல்சார் மதிப்பு. அறிந்ததை மீண்டும் எதிர்கொள்வதால் விளைவது பொருள்சார் மதிப்பு. முதல் வகைக்கு மேற்கண்ட மூன்று நிபந்தனைகளும் தேவை. இரண்டாம் வகைக்கு மாறாமையே நிபந்தனை. அணுகுண்டு ஒருமுறை வெடித்து மறுமுறை வெடிக்காமலிருக்குமாயின், ஜாக்சனின் இறப்பு ஆட்டக்காரரின் தோல்வியாகச் சுருங்கிவிடும்.

9. முடிவுரை

நேர்கோட்டுத்தன்மையும் மறுவிளையாட்டு மதிப்பும் எதிர்நிலைகள் என்னும் கருத்து, பாதை அடுக்கையும் மோதல் அடுக்கையும் ஒன்றாகக் கொள்வதால் எழுகிறது. இவ்வாய்வில் கண்ட விளையாட்டுகள் பின்வரும் முடிபுகளைத் தருகின்றன.

முதலாவது, முன்கணிக்க இயலாமை விளையாட்டின் உட்பண்பு அன்று. விதிகளுக்கும் ஆட்டக்காரரின் எல்லைகளுக்கும் இடையிலான உறவு. டூமின் 256 எண்கள் இதனைக் காட்டுகின்றன. இரண்டாவது, முன்கணிக்க இயலாமையின் அளவைவிட அதன் தன்மையே மதிப்பைத் தீர்மானிக்கிறது. காரணத் தொடர்பு, படிக்கத்தக்கமை, பின்விளைவு ஆகிய மூன்றும் அத்தன்மையின் கூறுகள். ஹேலோவின் இரு கட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாடும், ஃபியர் எதிரிகளின் குரலும், ஃபார் கிரை 2இன் மறதியும் இவற்றுக்குச் சான்றுகள். மூன்றாவது, லெஃப்ட் ஃபோர் டெட்டில் மாறாத பாதை பொறிக்கும் ஆட்டக்காரருக்கும் அளவுகோலாகப் பயன்படுகிறது. யூல் சுட்டிய இருவகை அமைப்புகளும் வெறுமனே கலந்திருக்கவில்லை. முன்னேற்ற அமைப்பு எழுச்சி அமைப்பைத் தாங்கி நிற்கிறது.

நான்காவது முடிபு திறனாய்வுக்கு உரியது. மாறும் கூறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு விளையாட்டின் மதிப்பை அளப்போர், மாறாமையால் மட்டுமே சொல்லக்கூடியவற்றைக் காணத் தவறுகின்றனர். ஜாக்சனின் இறப்பு எத்தனை முறை ஆடினாலும் ஒன்றே. அதனை எதிர்கொள்ளும் ஆட்டக்காரர்தாம் ஒவ்வொரு முறையும் வேறொருவராக அங்கு வந்து சேர்கிறார்.